வெட்டும் நொதி, தடுக்கும் மருந்து: புற்றுநோய் பற்றிய வாசகர் கேள்விகள்

புரதங்களை வெட்டும் நொதிகளான புரோட்டியேஸ்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். பதில்களில் வரும் மருந்தளவுகள் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகள். உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: புற்றுநோய்ச் செல்கள் திசுவை அரித்துக்கொண்டு பரவுவதற்கு ஒரு நொதிதான் காரணம் என்று படித்தேன். அந்த நொதியை அடைத்துவிட்டால் நோய் பரவாமல் நின்றுவிடாதா?

பதில்: அரிப்பது ஒரு நொதி அல்ல, ஒரு பட்டாளம். மனிதருக்கு 550-க்கும் மேற்பட்ட புரோட்டியேஸ்கள் உண்டு. வெட்டும் இடத்தில் எந்த வேதிக்குழு வேலை செய்கிறது என்பதை வைத்து செரின், சிஸ்டீன், அஸ்பார்டிக், திரியோனின், உலோகம் என்று ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். நீங்கள் படித்தது உலோக வகையில் வரும் எம்எம்பி (மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ்) கூட்டத்தைப் பற்றியதாக இருக்கும். மனிதரிடம் அதில் 23 உள்ளன. எல்லாவற்றின் வெட்டும் பள்ளத்திலும் ஒரு துத்தநாக அயனி உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கூட்டத்தின் முதல் ஆள் அகப்பட்டது புற்றுநோயில் அல்ல. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எப்படிக் கரைகிறது என்று தேடிய ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியரும் 1962-இல் திசுக்களைத் தாங்கும் நார்ப்புரதமான கொலாஜனை வெட்டும் நொதியை அந்த வாலில் கண்டார்கள். 1980-இல் லான்ஸ் லியோட்டா குழு எலிக் கட்டிகளை ஆராய்ந்தது. திசுக்களுக்கு அடியில் விரிப்பு போலக் கிடக்கும் அடித்தளச் சவ்வில் நான்காம் வகை கொலாஜன் இருக்கிறது. அதை எந்தக் கட்டி அதிகமாக வெட்டியதோ அது அதிகமாகப் பரவியது. உங்கள் கேள்வியில் உள்ள நம்பிக்கை அங்கே பிறந்ததுதான்.

ஆனால் உடல் இந்த நொதிகளைக் கட்டவிழ்த்து விடுவதில்லை. எம்எம்பி பிறக்கும்போதே அதன் முன்பகுதியில் உள்ள சிஸ்டீன் என்ற ஒரு அமினோ அமிலம் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை மூடியிருக்கும். அந்த முன்பகுதியை வேறொரு நொதி வெட்டி எறிந்தால்தான் இது வேலைக்கு வரும். வந்த பிறகும் டிம்ப் என்ற நான்கு இயற்கைத் தடுப்பான்கள் காத்திருக்கின்றன. ஒரு நொதிக்கு ஒரு டிம்ப் என்ற கணக்கில் ஒட்டி அடைத்துவிடும்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. செல்லின் மேற்பரப்பில் எம்எம்பி-14 என்ற நொதி நட்டுவைத்த கம்பம் போல நிற்கும். டிம்ப்-2 ஒரு முனையால் அதைப் பிடித்து, மறுமுனையால் தூங்கும் எம்எம்பி-2-ஐப் பிடித்துப் பாலம் போடும். அருகில் தடுப்பான் ஒட்டாத இன்னொரு எம்எம்பி-14 நின்றால் அது எம்எம்பி-2-இன் முன்பகுதியை வெட்டி எழுப்பும். ஆக, எம்எம்பி-2 விழிக்கக் கொஞ்சம் தடுப்பான் வேண்டும். தடுப்பான் மிகுந்துபோனால் எல்லா எம்எம்பி-14-உம் அடைபட்டு, எழுப்ப ஆளிருக்காது. தடுப்பான் எப்போதும் எதிரணியில்தான் நிற்கும் என்று எண்ண முடியாததற்கு இதுவே முதல் சாட்சி.

இன்னொன்று, பல கட்டிகளில் இந்த நொதிகளைப் பெருமளவு சுரப்பது புற்றுநோய்ச் செல்கள் அல்ல. சுற்றியுள்ள நார்த்திசுச் செல்களும் நோய் எதிர்ப்புச் செல்களும்தான். தவிர, கெட்டுப்போன செல்லைத் தானே மடியவைக்கும் காஸ்பேஸ்களும் புரோட்டியேஸ்களே. கீமோதெரபி பலிக்கும் இடத்தில் கடைசி வெட்டைப் பெரும்பாலும் போடுவது அவைதாம். எனவே 'அடைத்துவிட்டால்' என்பதற்கு முன்னால் 'எதை, எங்கே, எப்போது' என்ற மூன்று சொற்களைச் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: எம்எம்பி தடுப்பு மருந்துகள் சோதனையில் தோற்றுவிட்டன என்கிறார்கள். எலியில் பலித்தது மனிதரில் ஏன் பலிக்கவில்லை?

பதில்: முதலில் வந்தது பாட்டிமாஸ்டாட். வாய்வழி கொடுத்தால் உடலில் சரியாக ஏறவில்லை. அடுத்து வந்த மாரிமாஸ்டாட் மாத்திரையாகவே ஏறியது. இரண்டும் ஒரே உத்தி: கொலாஜன் சங்கிலியைப் போல உருவம் எடுத்துப் பள்ளத்துக்குள் போய், ஹைட்ராக்சமேட் என்ற கொக்கியால் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். துத்தநாகம் எல்லா எம்எம்பியிலும் உண்டு. ஆகவே இந்த மருந்துகள் வேண்டியது வேண்டாதது எல்லாவற்றையும் அடைத்தன.

முதல் அடி மூட்டுகளில் விழுந்தது. தோள், கை மூட்டுகளில் வலி, விறைப்பு, தசைநாண் அழற்சி. மருந்தை நிறுத்தினால் சரியாகும், ஆனால் நிறுத்தாமல் அளவை ஏற்ற முடியாது. கட்டியில் நொதியை முழுதாக அடைக்கத் தேவையான அளவு நோயாளிகளுக்குக் கிடைத்ததா என்பதே சந்தேகம்.

அது மட்டும் காரணமென்றால் மூட்டுத் தொல்லை குறைவாக இருந்த டானோமாஸ்டாட் வென்றிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. முற்றிய கணையப் புற்றுநோயில் அதை ஜெம்சிடபைன் என்ற கீமோ மருந்துடன் ஒப்பிட்டார்கள். இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் ஜெம்சிடபைன் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 6.6 மாதம், டானோமாஸ்டாட் பெற்றவர்களுக்கு 3.7 மாதம். சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது.

எங்கள் பார்வையில் மூலப் பிழை நேரத்தில் இருக்கிறது. எலிகளுக்குக் கட்டி சிறிதாக இருக்கும்போதோ, பரவுவதற்கு முன்போ மருந்து கொடுத்தார்கள். மனிதரில் சோதித்தது ஏற்கெனவே பரவி முடிந்தவர்களிடம். பூட்டு உடைந்து பொருள் போன பிறகு வாசலுக்குக் காவல் போட்ட கதை. கூடவே, இந்த மருந்துகள் கட்டியைச் சுருக்கும் வகை அல்ல. நிறுத்தி வைக்கும் வகை. கட்டி சுருங்குகிறதா என்று பார்த்து அளவை முடிவு செய்யும் பழைய முறை இவற்றுக்கு உதவவில்லை. அதனால் சரியான அளவு எது என்பதே தெளிவாகாமல் பெரிய சோதனைகளுக்குப் போனார்கள்.

அடுத்த பிழை, எல்லா எம்எம்பியையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. 2003-இல் எம்எம்பி-8 இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தபோது, ஆண் எலிகளில் தோல் கட்டிகள் அதிகமாயின. அந்த நொதி காவலாளியாக இருந்திருக்கிறது. எம்எம்பி-12 ரத்தத்தில் உள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தை வெட்டும்போது ஆஞ்சியோஸ்டாட்டின் என்ற துண்டு பிறக்கிறது. புதிய ரத்தக் குழாய்கள் கட்டிக்குள் போவதை அது தடுக்கும். இவற்றையும் சேர்த்து அடைத்தால் லாபக்கணக்கில் இருந்ததை நாமே அழித்ததாகும்.

பிறகு ஒரே நொதியைக் குறிவைத்தும் பார்த்தார்கள். எம்எம்பி-9-ஐ மட்டும் பிடிக்கும் ஆண்டிகலிக்சிமாப் என்ற எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) இரைப்பைப் புற்றுநோயின் மூன்றாம் கட்டச் சோதனையில் உயிர்வாழ்வை நீட்டிக்கவில்லை. எம்எம்பி தடுப்பான் என்ற பெயரில் புழக்கத்துக்கு வந்தது பல் ஈறு நோய்க்கான டாக்சிசைக்ளின்தான்: 20 மி.கி., நாளுக்கு இருமுறை. கிருமியைக் கொல்லப் போதாத அளவு அது, ஆனால் ஈறில் கொலாஜன் கரைவதைக் குறைக்கும். அதைப் புற்றுநோய்க்கு மருந்தாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: லுக்கேமியா குழந்தைகளுக்குக் கொடுக்கும் அஸ்பராஜினேஸும் புரதம் வெட்டும் நொதிதானா?

பதில்: இல்லை. அது அஸ்பரஜின் என்ற ஒற்றை அமினோ அமிலத்தை அஸ்பார்டிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் பிரிக்கும். புரதச் சங்கிலியை வெட்டாது. தனக்கு வேண்டிய அஸ்பரஜினைத் தானே போதிய அளவு செய்துகொள்ளத் தெரியாத லுக்கேமியா செல்கள் பட்டினியாகச் சாகும்.

கேள்வி: என் தந்தைக்கு மல்டிபிள் மைலோமா. போர்ட்டிசோமிப் ஊசி போடுகிறார்கள். இதுவும் புரதம் வெட்டும் நொதியைத் தடுக்கும் மருந்து என்று மருத்துவர் சொன்னார். கிரீன் டீ, வைட்டமின் சி மாத்திரை கூடாது என்கிறார். ஹெர்பிஸ் மாத்திரையும் எழுதித் தந்திருக்கிறார். காலில் மரத்துப்போன உணர்வு ஆரம்பித்திருக்கிறது. விளக்குங்கள்.

பதில்: நான்கு கேள்விகளை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பிரிக்கிறோம்.

செல்லுக்குள் புரோட்டியசோம் என்று பீப்பாய் வடிவ இயந்திரம் ஒன்று உண்டு. யுபிக்விட்டின் முத்திரை குத்தப்பட்ட பழுதான புரதங்களையும் வேலை முடிந்த புரதங்களையும் உள்ளே இழுத்துத் துண்டாக்கும். முத்திரை குத்தும் அந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காக சிகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பீப்பாயின் உள்சுவரில் வெட்டுவது திரியோனின் என்ற அமினோ அமிலம். போர்ட்டிசோமிபில் உள்ள போரான் அந்தத் திரியோனினைப் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் விட்டுவிடும்.

எல்லாச் செல்லிலும் புரோட்டியசோம் உண்டு என்றால் எலும்பு மஜ்ஜையில் புற்றாக மாறிய மைலோமா செல் மட்டும் ஏன் முதலில் சாகிறது? அது நாள் முழுக்க எதிர்ப்புரதம் தயாரிக்கும் தொழிற்சாலை. உற்பத்தி பெரிது, எனவே கழிவும் பெரிது. குப்பை வண்டி இரண்டு நாள் வராவிட்டால் சிறு வீடு சமாளிக்கும். கல்யாண மண்டபம் நாறிப்போகும். எம்எம்பி தடுப்பான்கள் தோற்ற இடத்தில் இது வென்றதன் சூட்சுமம் இங்கேதான்: அடைக்கும் நொதியை அந்தப் புற்றுநோய் மற்ற செல்களைவிட மிக அதிகமாக நம்பியிருக்கிறது. 2003-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. திடக் கட்டிகளில் இதே மருந்து அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை.

வழக்கமான அளவு உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.3 மி.கி. மூன்று வாரச் சுற்றில் 1, 4, 8, 11-ஆம் நாட்களில் போடுவார்கள். வாரம் ஒருமுறை முறையும் உண்டு. இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது 72 மணி நேரம் வேண்டும். ஒரு தேதி தவறினால் மறுநாளே போட்டு, அடுத்ததைப் பழைய தேதியிலேயே போடச் சொல்லிக் கேட்காதீர்கள். சாதாரணச் செல்கள் புரோட்டியசோமை மீட்டெடுக்க அந்த இடைவெளிதான் அவகாசம்.

3.5 மி.கி. குப்பியைக் கரைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சிரையில் (ரத்தக் குழாயில்) ஏற்ற என்றால் 3.5 மி.லி. உப்பு நீர், அதாவது மி.லி.-க்கு 1 மி.கி. தோலுக்கடியில் போட என்றால் 1.4 மி.லி. மட்டும், மி.லி.-க்கு 2.5 மி.கி. ஒன்றுக்குக் கரைத்ததை மற்றதன் கணக்கில் இழுத்தால் அளவு இரண்டரை மடங்கு தவறும். செவிலியர்கள் கரைத்த உடனே குப்பியில் எந்த வழி என்று சீட்டு ஒட்டுவது அதற்காகத்தான். முதுகுத்தண்டு வழியாக இதைப் போடவே கூடாது; உயிர் போகும்.

கிரீன் டீ: அதில் உள்ள இஜிசிஜி என்ற பாலிஃபீனால் போரானுடன் நேரடியாகப் பிணைந்துவிடும். 2009-இல் வெளியான ஆய்வில், செல் வளர்ப்பிலும் எலியிலும் அது போர்ட்டிசோமிபின் வேலையை முடக்கியது. மருந்து உடலில் இருக்கும், ஆனால் கை கட்டிப்போட்ட நிலையில். அடர்த்தியான கிரீன் டீ காப்சூல்களை முழுதாக விடுங்கள்; சிகிச்சைக் காலத்தில் பானமாகவும் வேண்டாம். வைட்டமின் சி-யும் மருந்துடன் பிணையக்கூடியது, எனவே மாத்திரை வேண்டாம். உணவில் பழம், காய்கறியாக வருவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இக்சசோமிபிலும் போரான் உண்டு, அதற்கும் இதே எச்சரிக்கை. கார்ஃபில்சோமிபில் போரான் இல்லை. அதன் தொல்லை இதயப் பக்கம்.

ஹெர்பிஸ் மாத்திரை: இந்த மருந்து நோய் எதிர்ப்புச் செல்களையும் தளர்த்துவதால், சின்னம்மைக்குப் பின் நரம்பில் பதுங்கியிருக்கும் வைரஸ் அக்கியாக எழும்பும். ஏசைக்ளோவிர் பொதுவாக 400 மி.கி. நாளுக்கு இருமுறை, சிறுநீரகத்துக்கு ஏற்ப மாற்றித் தருவார்கள். அக்கி வரவில்லையே என்று நடுவில் நிறுத்திவிடுபவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

மரத்துப்போதல்: அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்கள், 'பார்க்கலாம்' என்று விடாதீர்கள். லேசான மரத்தலோடு வலியும் சேர்ந்தால், அல்லது சட்டைப் பொத்தான் போடுவது போன்ற வேலைகள் தடைபட்டால், 1.3-ஐ 1.0-ஆகக் குறைப்பார்கள். அதற்கும் மேல் போனால் நிறுத்தி, தணிந்த பிறகு 0.7-இல் வாரம் ஒருமுறை தொடங்குவார்கள். சிரை ஊசியா தோலடி ஊசியா என்றும் கேளுங்கள். 2011-இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில் நரம்புப் பாதிப்பு சிரை வழியில் 53 சதவீதம் பேருக்கும் தோலடி வழியில் 38 சதவீதம் பேருக்கும் வந்தது. நோய்க்கு எதிரான பலன் இரண்டிலும் ஒன்றே. வலி மாத்திரையால் மூடி மறைத்து மருத்துவருக்குச் சொல்லாமல் இருப்பது மிகப் பெரிய தவறு, ஏனென்றால் முற்றிய நரம்புச் சேதம் முழுதாக மீளாமல் போகலாம்.

தட்டணுக்கள் ஒவ்வொரு சுற்றிலும் 11-ஆம் நாளையொட்டி அடிமட்டத்துக்குப் போய், அடுத்த சுற்றுக்குள் ஏறிவிடும். அந்த நாட்களில் எடுத்த அறிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம். பல் பிடுங்குவதை மட்டும் அந்த வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பிஎஸ்ஏ பரிசோதனையில் 6 வந்திருக்கிறது. இதுவும் ஒரு நொதி என்று இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நொதி அதிகமானால் அதைத் தடுக்க மருந்து உண்டா?

பதில்: தடுக்கத் தேவையே இல்லை. பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் செரின் வகை புரோட்டியேஸ். விந்தைக் கெட்டியாக்கும் செமினோஜெலின் புரதத்தை வெட்டி அதை நீர்க்கவைப்பதுதான் அதன் அன்றாட வேலை. புராஸ்டேட்டின் கட்டமைப்பு குலையும்போது அது ரத்தத்தில் கசிகிறது. ரத்தத்தில் அது வெட்டுவதும் இல்லை. பெரும்பகுதி ஒரு தடுப்பான் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே திரியும். அது குற்றவாளி அல்ல, கதவு திறந்திருக்கிறது என்று காட்டும் வெளிச்சம்.

ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்கைக் கேட்டு வாங்குங்கள். மொத்தம் மி.லி.-க்கு 4 முதல் 10 நானோகிராம் வரை இருக்கும்போது, தனிப்பங்கு 25 சதவீதத்துக்கு மேல் என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு குறைவு, 10-க்குக் கீழே என்றால் கூடுதல். மறுபரிசோதனைக்கு முன் 48 மணி நேரம் விந்து வெளியேற்றமும் நெடுந்தூர சைக்கிள் பயணமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்திருந்தால் ஆறு வாரம் பொறுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டெரைடு அல்லது டியூட்டாஸ்டெரைடு ஆறு மாதமாகச் சாப்பிடுபவர் என்றால் வந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும், ஏனென்றால் அவை பிஎஸ்ஏ-வை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். 3 என்று வந்ததைப் பார்த்து நிம்மதியடையும் நோயாளிக்கு உண்மையில் அது 6.

கேள்வி: மார்பகக் கட்டியில் யுபிஏ, பிஏஐ-1 என்று இரண்டைப் பார்க்கிறார்களாம். ஒன்று வெட்டும் நொதி, மற்றது அதன் தடுப்பான். தடுப்பான் அதிகமிருந்தால் நல்லதுதானே? ஏன் கெட்ட சகுனம் என்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி, துறையினரையே நெடுநாள் குழப்பியது. யுபிஏ என்ற யூரோகினேஸ் பிளாஸ்மினோஜனை பிளாஸ்மினாக்கும். பிளாஸ்மின் ரத்தக் கட்டியில் உள்ள ஃபைப்ரின் புரதத்தையும் வெட்டும், தூங்கும் எம்எம்பிகளையும் எழுப்பும். பிஏஐ-1 அந்த யுபிஏ-வை அடைக்கும். கணக்குப்படி அது கூடினால் பரவல் குறைய வேண்டும். ஆனால் 1998-இல் பிஏஐ-1 இல்லாத எலிகளில் புற்றுநோய்ச் செல்களை வைத்தபோது, கட்டி உள்ளே ஊடுருவவும் இல்லை, ரத்தக் குழாய் வளரவும் இல்லை. பிஏஐ-1-ஐத் திருப்பிக் கொடுத்ததும் இரண்டும் நடந்தன.

காரணம், அடைப்பது அதன் பல வேலைகளில் ஒன்றுதான். தரையோடு ஒட்டியிருக்கும் செல்லின் பிடியை அது தளர்த்துகிறது. அப்போதுதான் செல் காலை எடுத்து அடுத்த அடி வைக்க முடியும். யுபிஏ-வோடு சேர்ந்த ஜோடியாகச் செல்லுக்குள் இழுக்கப்பட்டு, காலியான யுபிஏ ஏற்பியை மீண்டும் மேற்பரப்புக்கு அனுப்புகிறது. அளவு கடந்த பிளாஸ்மின் புதிய ரத்தக் குழாய்களின் சாரத்தையே கரைத்துவிடாமலும் காக்கிறது. மிதமாக வெட்டினால்தான் கட்டிக்கு லாபம்.

அளக்கும் முறையில் கவனம் வேண்டும். எல்லைக்கோடு ஒரு மி.கி. புரதத்துக்கு யுபிஏ 3 நானோகிராம், பிஏஐ-1 14 நானோகிராம். இது ஃபார்மலினில் போடாமல் உறையவைத்த திசுவில் எலைசா முறையில் எடுத்த அளவு. மெழுகுக் கட்டையில் சாயமிட்டுப் பார்த்த முடிவுக்கு இந்த எண்களைப் பொருத்தக் கூடாது. திசுவும் கணிசமாக வேண்டும். பழைய வழிகாட்டுதலில் 300 மி.கி. கேட்டார்கள். சிறு கட்டிகளில் அவ்வளவு கிடைக்காது. சோதனை நல்லதாக இருந்தும் பரவலாகாமல் போனதற்கு இந்த நடைமுறைச் சிக்கல் முக்கியக் காரணம்.

கேள்வி: முதுநிலை மாணவி. புற்றுநோய்ச் செல்களின் ஊடகத்தில் எம்எம்பி-2, எம்எம்பி-9 பார்க்க ஜெலட்டின் சைமோகிராபி செய்கிறேன். ஒருமுறை ஜெல் முழுக்க நீலமாகவே இருக்கிறது, மறுமுறை எல்லாப் பாதையிலும் ஒரே மாதிரிப் பட்டை. எங்கே தவறு?

பதில்: சைமோகிராபி என்பது ஜெல்லில் கலந்த ஜெலட்டினை நொதி வெட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை. உங்களுடையவை இரண்டும் வெவ்வேறு தவறுகள். முதலில் செய்முறையை வரிசையாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

செல்களை சீரம் இல்லாத ஊடகத்துக்கு மாற்றி 24 மணி நேரம் வையுங்கள். மாற்றுவதற்கு முன் இரண்டு முறை கழுவுங்கள். ஊடகத்தை எடுத்துச் சுழற்றி மிதக்கும் செல்களை நீக்குங்கள். சாய பஃபரில் புரதத்தை விரிக்கும் சோப்பு வகையான எஸ்டிஎஸ் இருக்கலாம். புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால், டிடிடி கூடாது, கொதிக்க வைக்கவும் கூடாது. 10 சதவீத அக்ரிலமைடு ஜெல்லில் மி.லி.-க்கு 1 மி.கி. ஜெலட்டின். ஜெலட்டினைத் தனியாக வெதுவெதுப்பில் கரைத்து, ஆறிய பிறகு சேருங்கள். சூடாக ஊற்றினால் ஜெல் அவசரமாக உறைந்து சீரற்றுப்போகும். ஓடி முடித்ததும் 2.5 சதவீத ட்ரைட்டான் கரைசலில் அரை மணி வீதம் இரண்டு முறை கழுவுங்கள். பிறகு 50 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 7.5, கால்சியம் குளோரைடு 5 முதல் 10 மில்லிமோலார், துத்தநாகக் குளோரைடு 1 மைக்ரோமோலார் உள்ள கரைசலில் 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம். கடைசியில் கூமாசி நீலம், பின் நிறநீக்கம். நொதி ஜெலட்டினைத் தின்ற இடம் நீலப் பின்னணியில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும்.

முழுக்க நீலம் என்றால் நொதி மீண்டும் தன் பழைய உருவத்துக்கு மடங்கவில்லை. மாதிரியைக் கொதிக்க வைத்திருப்பீர்கள், அல்லது பழக்கதோஷத்தில் வெஸ்டர்ன் பிளாட்டுக்கான சாய பஃபரை எடுத்திருப்பீர்கள். அதில் மெர்காப்டோஎத்தனால் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் ட்ரைட்டான் கழுவலைச் சுருக்கியிருப்பீர்கள், எஸ்டிஎஸ் போகாமல் நொதி எழாது. கால்சியம் போட மறப்பதும் உண்டு. திசுவை அரைத்து எடுக்கும்போது கடையில் வாங்கும் தடுப்பான் கலவையில், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாப் பாதையிலும் ஒரே பட்டை என்றால் அது உங்கள் செல்லுடையது அல்ல, கன்றுக்குட்டி சீரத்துடையது. அதில் எம்எம்பிகள் தாராளமாக உண்டு. செல்லே இல்லாத வெறும் ஊடகத்தை ஒரு பாதையில் ஓட்டுங்கள். அங்கேயும் பட்டை வந்தால் விடை கிடைத்துவிட்டது.

படிக்கும்போது (எண்கள் கிலோடால்டன் எடையில்) 92-இல் தூங்கும் எம்எம்பி-9, 82-ஐ ஒட்டி விழித்தது, 72-இல் தூங்கும் எம்எம்பி-2, 62-ஐ ஒட்டி விழித்தது. 125-இல் ஒரு பட்டை தெரிந்தால் எம்எம்பி-9 இன்னொரு புரதத்தோடு சேர்ந்த ஜோடி. அவை எம்எம்பிதான் என்று நிறுவ, ஜெல்லின் பாதியை வெட்டி 20 மில்லிமோலார் இடிடிஏ உள்ள கரைசலில் வையுங்கள். அங்கே பட்டை மறைய வேண்டும்.

ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் பெரும்பிழையை இப்போதே சொல்லிவிடுகிறோம். தூங்கும் நொதியும் ஜெல்லில் பட்டை தருகிறது, ஏனென்றால் எஸ்டிஎஸ் அதன் சிஸ்டீன் பிடியைப் பிரித்து எழுப்பிவிடுகிறது. டிம்ப் ஒட்டியிருந்த நொதியிலிருந்தும் டிம்ப் கழன்றுவிடுகிறது. எனவே சைமோகிராமில் பட்டை தடித்தால் 'திசுவில் செயல்பாடு கூடியது' என்று எழுதாதீர்கள். 'நொதி கூடியது' என்று மட்டும் எழுதலாம். விழித்த வடிவத்துக்கும் தூங்கும் வடிவத்துக்கும் உள்ள விகிதம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும், அதுவும் முழுதல்ல.

பின்னாளில் நோயாளிகளின் ரத்தத்துக்குப் போனால் எம்எம்பி-9-ஐ சீரத்தில் அளக்காதீர்கள். ரத்தம் உறையும்போது தட்டணுவும் வெள்ளணுவும் அதைக் கொட்டுகின்றன. நீங்கள் அளப்பது நோயை அல்ல, குழாய் மேசையில் கிடந்த நேரத்தை. சிட்ரேட் பிளாஸ்மா எடுத்து உடனே சுழற்றுங்கள்.

கேள்வி: கட்டியைச் சூழ்ந்த புரதப் போர்வையைக் கரைக்கும் என்று பப்பாளி, அன்னாசி நொதி மாத்திரைகளும் கணைய நொதியும் பரிந்துரைக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ட்ரிப்சின் புற்றுநோயைக் கரைக்கும் என்று ஜான் பேர்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னது இன்னும் விற்பனையாகிறது. கணைய நொதியை மையமாகக் கொண்ட ஒரு முறையை அமெரிக்காவில் கணையப் புற்றுநோயாளிகள் 55 பேரிடம் கீமோதெரபியோடு ஒப்பிட்டு 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தச் சிகிச்சை என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்த ஆய்வின் பலவீனம். இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் கீமோவில் 14 மாதம், நொதி முறையில் 4.3 மாதம். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது பலவீனத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இதை வேறொன்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கணையப் புற்றுநோயாளிக்கு மருத்துவர் எழுதும் கணைய நொதி காப்சூல் கட்டிக்கானதல்ல, செரிமானத்துக்கானது. கணையக் குழாய் அடைபட்டால் கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெயாக மிதக்கும், எடை இறங்கும். லைபேஸ் அலகில் 50,000 சாப்பாட்டோடும் 25,000 சிற்றுண்டியோடும் தொடங்குவது ஒரு வழக்கம். முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துப் போட்டால் உணவு முன்னே போய்விடும், நொதி பின்னால் ஓடும். மெல்லவோ, கொதிக்கும் பானத்தோடு எடுக்கவோ கூடாது, நொதி வெந்துவிடும்.

கேள்வி: சோயாவில் புற்றுநோயைத் தடுக்கும் புரோட்டியேஸ் தடுப்பான் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. பவ்மன்–பிர்க் தடுப்பான், 71 அமினோ அமிலம், ஒரு முனையில் ட்ரிப்சினையும் மறுமுனையில் கைமோட்ரிப்சினையும் பிடிக்கும். விலங்குகளில் நம்பிக்கை தந்தது. வாயில் புற்றாக மாறக்கூடிய வெண்திட்டு உள்ளவர்களிடம் அதன் அடர்கலவையைப் போலி மருந்தோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் இல்லை. சோயாவை உணவாகச் சாப்பிடுங்கள், நன்றாக வேகவைத்து.

கேள்வி: டெஸ்மாய்டு கட்டிக்கு நிரோகசெஸ்டாட் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இது அல்சைமர் நோய்க்குத் தோற்ற மருந்தின் உறவினர் என்று கேள்விப்பட்டுப் பயமாக இருக்கிறது.

பதில்: உறவு உண்மைதான். இரண்டும் காமா-செக்ரெட்டேஸ் என்ற நொதியை அடைப்பவை. செல் சவ்வுக்குள்ளேயே புதைந்து வெட்டும் விசித்திர நொதி அது. மூளையில் அமிலாய்டு துண்டையும் வெட்டும், நாட்ச் என்ற ஏற்பியையும் வெட்டும். நாட்ச் வெட்டப்பட்டால்தான் அதன் உட்துண்டு செல் கருவுக்குப் போய்க் கட்டளை தரும். அல்சைமருக்கான செமகசெஸ்டாட் சோதனை 2010-இல் நிறுத்தப்பட்டது: நினைவு மேம்படவில்லை, தோல் புற்றுநோய் கூடியது. தோலில் நாட்ச் கட்டியைத் தடுக்கும் பக்கம் நிற்கிறது என்பதே காரணம். நார்த்திசுவில் வளரும் டெஸ்மாய்டு கட்டியில் அதே நாட்ச் கட்டிக்குத் துணை போகிறது. ஒரே வெட்டு, இடத்துக்கு இடம் வேறு பொருள்.

நிரோகசெஸ்டாட் 2023-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 150 மி.கி. நாளுக்கு இருமுறை. கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள் 41 சதவீதம், போலி மருந்தில் 8 சதவீதம். வயிற்றுப்போக்கு பெரும்பாலோருக்கு வரும். கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சினைப்பைச் செயல்பாடு குலைந்தது. பலருக்குப் பிறகு மீண்டது. குழந்தை வேண்டும் என்றால் மாத்திரை தொடங்கும் முன்பே பேசுங்கள். ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள் இதன் உறிஞ்சலைக் கெடுக்கும். நெஞ்செரிச்சலுக்கு வேண்டுமானால் ஆன்டாசிட், அதுவும் இரண்டு மணி நேரம் முன்போ பின்போ. தோலில் புதிய புண்ணோ மருவோ வந்தால் காட்டுங்கள்.

கேள்வி: தடுப்பதை விட்டு, அந்த நொதிகளையே நமக்கு வேலை செய்யவைக்க முடியாதா?

பதில்: ஏற்கெனவே நடக்கிறது. 2011-இல் அனுமதி பெற்ற நிணநீர்ப் புற்றுநோய் மருந்தான பிரென்டக்சிமாப் வெடோட்டினில், எதிர்ப்புரதத்தையும் நஞ்சையும் வேலின்–சிட்ருலின் என்ற இரு அமினோ அமிலக் கயிறு இணைக்கிறது. செல்லுக்குள் போனதும் செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் உள்ள கத்தெப்சின் என்ற புரோட்டியேஸ் அந்தக் கயிற்றை அறுக்க, நஞ்சு அங்கேயே விடுபடுகிறது. இந்தக் கயிறு மனித ரத்தத்தில் நன்கு தாங்கும். எலி ரத்தத்தில் உள்ள ஒரு கார்பாக்சிலெஸ்டரேஸ் அதை வெளியிலேயே அறுத்துவிடும். அதனால் எலியில் மட்டும் பார்த்து இத்தகைய மருந்தை 'நிலையற்றது' என்று ஒதுக்கினால் தவறாகும்.

அறுவைச் சிகிச்சையிலும் ஒன்று வந்திருக்கிறது. பெகுலிசியானின் என்ற மூலக்கூறு கத்தெப்சின், எம்எம்பி வெட்டும் வரை ஒளிராது, வெட்டியதும் ஒளிரும். 2024-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. மார்பகக் கட்டியை எடுக்க 2 முதல் 6 மணி நேரத்துக்கு முன் உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. சிரையில் ஏற்றுவார்கள். கட்டியை எடுத்த குழியைச் சிறு கருவியால் பார்த்தால் மிச்சமிருக்கும் இடம் மின்னும். எல்லாமே மின்னாது: சோதனையில் உணர்திறன் பாதியளவே, எனவே வழக்கமான நோயியல் ஆய்வைக் கைவிட முடியாது. அழற்சி உள்ள திசுவும் மின்னலாம், அங்குள்ள மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களிடமும் கத்தெப்சின் உண்டு. கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் ஏற்றும்போதே அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.